விமானத்தில் வரும் அடைமுட்டைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து நல்ல இனக் கோழியின் அடைமுட்டைகளை (குஞ்சு பொரிக்க வைக்கும் முட்டைகளை) விமானத்தில் வரவழைக்க நினைக்கிறேன். பணம் கட்டினால் மறுநாளே அனுப்புவதாக விற்பவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். உங்கள் நாட்டுக் கால்நடைத் துறையின் இறக்குமதி அனுமதி முதலில் கைக்கு வர வேண்டும். எந்த நாடு, எந்தப் பண்ணை, எத்தனை முட்டை, எந்த விமான நிலையம் என்பதெல்லாம் அதில் குறிப்பிடப்படும். கேட்டிருக்கும் நோய்ச் சோதனைகளை வரி விடாமல் விற்பவருக்கு அனுப்புங்கள். பறவைக் காய்ச்சல், ராணிக்கெட் ஆகிய கோழி நோய்களோடு, தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும் சால்மோனெல்லா புல்லோரம், மைக்கோபிளாஸ்மா ஆகிய நுண்கிருமிகளும் வழக்கமாக இருக்கும். ஏற்றுமதி நாட்டின் அரசு கால்நடை மருத்துவர் தரும் சுகாதாரச் சான்றிதழின் அசல் சரக்கோடு வர வேண்டும். முட்டை எண்ணிக்கையும் பெட்டி எண்ணிக்கையும் சான்றிதழிலும் ஏர்வே பில்லிலும் (விமானச் சரக்குச் சீட்டு) ஒன்றாக இருக்கட்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் சரக்கு கிடங்கில் நின்றுவிடும்.

முட்டையோ அனுமதி வரும்வரை தாங்காது. இட்டு ஒரு வாரம் கடந்தால் பொரிப்புத் திறன் நாளுக்கு நாள் இறங்கும். அதனால் அனுமதி வந்த பிறகு இடும் முட்டைகளை மட்டும் சேகரிக்கச் சொல்லுங்கள். சேகரிப்புக்கு மூன்று நாள், பயணத்துக்கும் சோதனைக்கும் இரண்டு நாள், வந்தபின் ஓய்வு ஒரு நாள் என்று கணக்கு வைத்தால் ஆறாம் நாள் இன்குபேட்டரில் வைத்துவிடலாம். அந்த நாட்டில் பறவைக் காய்ச்சல் வெடித்தால் கொடுத்த அனுமதியும் நிறுத்தப்படும். அப்போது பணம் திரும்ப வருமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயரத்தில் காற்றழுத்தம் குறைவதும் எக்ஸ்ரே சோதனையும் கருவைக் கொல்லுமா?

பதில்: பலரும் இவற்றுக்குத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் சேதம் பெரும்பாலும் தரையில்தான் நடக்கிறது. பயணிகள் விமானத்தின் சரக்கு அறையிலும் பயணிகள் அறையின் அழுத்தமே இருக்கும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருப்பதால் உள்காற்று வெளியேறிச் சமனாகிவிடும். ஒருமுறை எக்ஸ்ரேயில் நுழைந்து வெளிவரும்போது படும் கதிரளவு மிகச் சிறியது.

வெயிலில் ஓடுபாதை ஓரம் கிடக்கும் இரண்டு மணி நேரம்தான் ஆபத்து. ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் கரு மெல்ல வளரத் தொடங்கும். பிறகு குளிர்ந்தால் நிற்கும். இப்படி விட்டுவிட்டு வளரும் கரு பலவீனமாகி, முதல் சில நாட்களிலேயே செத்துவிடும். வழி முழுவதும் 15 முதல் 18 டிகிரி இருக்க வேண்டும். சரக்கை வெறும் ‘முட்டை’ என்று பதியாமல் அடைமுட்டை என்றே பதியுங்கள். விமான நிறுவனங்கள் இதற்கென ‘எச்.இ.ஜி.’ என்ற குறியீடு வைத்திருக்கின்றன. அது இருந்தால்தான் உலர்பனிக்கட்டி, கதிரியக்கச் சரக்கு ஆகியவற்றிலிருந்து தள்ளி ஏற்றுவார்கள். வழியில் விமானம் மாறாத நேரடிப் பயணம், வேலை நாள் காலையில் வந்திறங்கும் நேரம், இவ்விரண்டுக்காகக் கூடுதல் கட்டணம் கொடுப்பது வீண் செலவே அல்ல.

கேள்வி: பெட்டி கட்டுவதில் என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

பதில்: கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே. புது முட்டை அட்டை, புது அட்டைப்பெட்டி. பக்கங்களில் காற்றுத் துளை. வைக்கோல், உமி வேண்டாம்; நோய் பரவும் என்று பல நாடுகள் அவற்றை அனுமதிப்பதில்லை. சில டஜன் மட்டும் என்றால் ஒவ்வொரு முட்டைக்கும் குழி வெட்டிய நுரைப் பஞ்சு நல்லது.

கேள்வி: முட்டை வந்ததும் நேரே இன்குபேட்டரில் வைக்கலாமா?

பதில்: கூடாது. குளிர்ந்த முட்டையை ஈரமான வெப்பக் காற்றில் திறந்தால் ஓடு வியர்க்கும். அந்த ஈரத்தோடு பாக்டீரியா துளை வழியே உள்ளே போகும். பெட்டியை மூடியபடியே அறையில் வைத்து மெல்லச் சூடேற விடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் ஒதுக்குங்கள். காற்றறை (அகன்ற முனைக்குள் இருக்கும் காற்றிடம்) ஓரிடத்தில் நில்லாமல், முட்டையைச் சாய்த்தால் ஓடினால், பயணக் குலுக்கலில் அது பிடிவிட்டிருக்கிறது. கூர்முனை கீழாக, 18 டிகிரி அளவில் ஒருநாள் அசையாமல் வைத்தால் ஓரளவு நிலைப்படும். அப்படிப்பட்டவற்றை அடை வைத்த முதல் இரண்டு நாள் திருப்பாதீர்கள். கழுவவும் வேண்டாம். காற்று சுழலும் இன்குபேட்டரில் 37.5 டிகிரி போதும்.

அனுமதியில் குறிப்பிட்ட இடத்தில்தான் பொரிக்க வேண்டும். வந்த பெட்டியையும் அட்டையையும் எரித்துவிடுங்கள்.

கேள்வி: ஏழாம் நாள் பார்த்தபோது பாதி முட்டையில் ஒன்றுமே தெரியவில்லை. விற்பவர் கூமுட்டை கொடுத்துவிட்டாரா?

பதில்: வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கருக்கூடாத முட்டையும் வெகு சீக்கிரம் செத்த கருவும் டார்ச்சில் ஒன்றுபோலவே தெளிவாகத் தெரியும். அகன்ற முனைப் பக்கம் ஓட்டைத் திறந்து மஞ்சள்கருவின் மேலுள்ள புள்ளியைப் பாருங்கள். சிறியதாக, ஓரம் ஒழுங்கில்லாமல், அடர் வெள்ளையாக இருந்தால் கருக்கூடவில்லை. சேவலையும் மந்தையையும் விற்பவர்தான் கவனிக்க வேண்டும். அதைவிடப் பெரிதாக, வளையம் போலவோ வெண்படலமாகவோ பரவியிருந்தால் கரு உண்டாகி, பிறகு செத்திருக்கிறது; சேமிப்பிலோ வழியிலோ வெப்பம் கெட்டிருக்கலாம். திறந்த எல்லாவற்றையும் பெட்டிவாரியாகப் படமெடுத்து எண்ணிக்கையோடு அனுப்பினால் விற்பவரோடு பேசுவதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கும். அடுத்த முறை ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பத்தைப் பதியும் சிறு கருவி ஒன்றையும் வைக்கச் சொல்லுங்கள்.