கருவுறும் முன் ரூபெல்லா: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஈரோடு): டாக்டர், நான் 1999-இல் பிறந்தவள், விரைவில் திருமணம். 2017-இல் பள்ளிகளில் போட்ட தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி எனக்குத் தேவையில்லையா?

பதில்: அந்த இயக்கம் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது என்பதால், 2002-க்கு முன் பிறந்த உங்கள் தலைமுறைப் பெண்கள் அதில் சேரவில்லை. சிறு வயதில் ரூபெல்லா (லேசான காய்ச்சலும் தடிப்பும் தரும் வைரஸ் நோய்) வந்துபோய் எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்கக்கூடும். ஆனால் ரூபெல்லா பலருக்கு அறிகுறியே இல்லாமல் கடந்துவிடும் என்பதால் நினைவை நம்பக் கூடாது. கருவுற்ற முதல் பன்னிரண்டு வாரங்களில் தொற்றினால் சிசுவின் கண், செவி, இதயம் ஆகியவை பாதிக்கப்படும் வாய்ப்பு 90 விழுக்காடு வரை உண்டு. இரத்தத்தில் ஐஜிஜி (நீடித்த எதிர்ப்பாற்றலைக் காட்டும் எதிர்ப்பொருள்) பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அல்லது நேரடியாக எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான) ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்தாலும் தீங்கில்லை. ஊசிக்குப் பின் ஒரு மாதம் கருவுறாமல் இருப்பது அவசியம்.

கேள்வி (நாகர்கோவில்): எட்டு வாரக் கர்ப்பம்; ஐஜிஜி இல்லை என்று வந்துள்ளது. இப்போது ஊசி போடலாமா?

பதில்: கூடாது, இது உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசி. பிரசவம் முடிந்து வீடு திரும்புமுன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பதற்குத் தடையில்லை. அதுவரை காய்ச்சலும் தடிப்பும் உள்ளவர்களை நெருங்க வேண்டாம்.

கேள்வி (வேலூர்): கர்ப்பம் தெரியாமல் ஊசி போட்டுவிட்டேன். கலைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: கலைக்க வேண்டியதில்லை. இவ்வாறு போட்டுக்கொண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், அவர்களுடைய குழந்தைகளிடம் பிறவி ரூபெல்லா பாதிப்பு காணப்படவில்லை.

கேள்வி (மதுரை): டார்ச் பரிசோதனையில் (சிசுவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளுக்கான இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு) ரூபெல்லா ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை.

பதில்: தடிப்போ நோயாளியின் தொடர்போ இல்லாதவருக்கு ஐஜிஎம் பரிசோதனை செய்யவே கூடாது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அது தவறாகவும் பாசிட்டிவ் காட்டும். பழைய தொற்றுக்குப் பின் மாதக்கணக்கிலும் நீடிக்கும். ஐஜிஜி அவிடிட்டி பரிசோதனை (தொற்று புதியதா பழையதா என்று காட்டுவது) செய்து, மகப்பேறு மருத்துவரிடம் காட்டாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கேள்வி (கரூர்): எனக்கும் ஐஜிஎம் பாசிட்டிவ்...

பதில்: மதுரை வாசகிக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி (சென்னை): பாதிப்பு கர்ப்பிணிக்குத்தானே? ஆண் பிள்ளைகளுக்கு எதற்கு ஊசி?

பதில்: இந்த எண்ணத்தை ஒரு நாடே செயல்படுத்திப் பார்த்திருக்கிறது. ஜப்பான் 1977 முதல் பல ஆண்டுகள் பள்ளி மாணவிகளுக்கு மட்டுமே ஊசி போட்டது. விடுபட்ட ஆண்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்திய காலத்தில் நோய் அவர்களிடையே பரவியது. 2013-இல் மட்டும் 14,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், அவர்களுள் பெரும்பாலோர் வயதுவந்த ஆண்கள். அந்தப் பரவலால் நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவிப் பாதிப்புடன் பிறந்தன. 2019-இல்தான் அந்த ஆண்களுக்கு இலவசப் பரிசோதனையும் ஊசியும் தொடங்கின.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் யாருக்கும் போடாமல், இயற்கையாகவே எதிர்ப்பாற்றல் வரட்டுமே?

பதில்: அப்படி விட்டால் சிறு வயதில் தொற்றாமல் தப்பிய பெண் கர்ப்ப காலத்தில் அகப்படுவாள். இந்தியாவில் பல்லாண்டுகளாக நடந்தது அதுதான். அதைவிட ஆபத்தானது அரைகுறையாகப் போடுவது. கிரேக்கத்தில் 1980-களில் பாதிக் குழந்தைகளுக்குக்கூட ஊசி போய்ச்சேரவில்லை. நோய்ப் பரவல் குறைந்ததே தவிர ஒழியவில்லை. ஊசியும் பெறாமல் நோயும் வராமல் வளர்ந்த பெண்கள் கர்ப்பிணிகளான நிலையில், 1993-இல் பெரும் பரவல் வந்து, ஊனத்துடன் குழந்தைகள் பிறந்தன. 2017-இல் வாட்ஸ்அப் வதந்திகளை நம்பி ஊசியை மறுத்த பெற்றோரை நினைத்து நான் அஞ்சியது இதனால்தான்.

கேள்வி (தஞ்சாவூர்): ஊசி போட்ட சான்று உள்ளது, ஆனால் ஐஜிஜி அளவு 10-க்குக் கீழ்.

பதில்: ஊசியால் வரும் அளவு நோயால் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். கர்ப்பமாக இல்லையென்றால் இன்னொரு தவணை போட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் மறுபரிசோதனை வேண்டாம்.

கேள்வி (சேலம்): கர்ப்பிணி, அறிகுறி இல்லை, ஐஜிஎம்...

பதில்: மதுரை வாசகிக்கான பதிலைப் படியுங்கள்.