சுவர் கெட்டுப்போனதற்கு டிரிப் ஏற்றலாமா?

46 வயது வாசகர் ஒருவர் கேட்கிறார்: கழுத்து ஸ்கேனில் தமனியில் கொழுப்புப் படிவு இருப்பதாக வந்திருக்கிறது, ஆனால் எல்.டி.எல் (கெட்ட கொழுப்பு என்பார்களே, அது) 128தான், ரிப்போர்ட்டில் நார்மல். தினம் நாலைந்து சிகரெட் உண்டு. 'தமனிச் சுவர் சேதமானதுதான் காரணம், கொழுப்புக்குச் சம்பந்தமே இல்லை, கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு டிரிப் ஏற்றிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்' என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?

வேண்டாம். அவர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதியைக் காட்டித்தான் மீதியை விற்கிறார்கள்.

தமனியின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு படலம் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைப்பதும் வெள்ளணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றும் அதைக் கெடுக்கும். சேதம் என்றதும் கிழிசல் என்று நினைக்காதீர்கள், படலம் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், வேலைதான் ஒழுங்காக நடக்காது. அப்போது எல்.டி.எல் துகள்கள் சுவருக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும், அதைத் தின்ன வரும் வெள்ளணுக்கள் தின்று தின்று ஊதிப்போய் அங்கேயே மடியும், இந்தக் குவியல்தான் படிவு. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்தம் சீராக ஓடாது, அதனால் அங்கே சீக்கிரம் வரும். சிரைகளில் பொதுவாக இது வருவதில்லை, ஆனால் அதே சிரையை எடுத்து பைபாஸில் தைத்தால் தமனியின் அழுத்தம் தாங்காமல் சில வருடங்களில் அதிலும் வருகிறது. சரி, சுவர் முக்கியம்தான். உள்ளே புகுவது எது? எல்.டி.எல்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பரம்பரையாகவே எல்.டி.எல் எக்கச்சக்கமாக இருக்கும் குடும்பங்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தக் கோளாறு வந்துவிட்டால், புகையோ அழுத்தமோ எதுவும் இல்லாத சின்னப் பிள்ளைக்குக்கூட மாரடைப்பு வரலாம், அங்கே சுவரை யாரும் கெடுக்கவில்லை, கொழுப்பே போதும். உங்கள் எண் அப்படியில்லை. ஆனாலும் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார், அவருக்கு உங்களுக்கென்று கிடைப்பது ஐந்து நிமிடம்.

இப்போது அந்த டிரிப். கீலேஷன் என்பார்கள், ரத்தத்திலுள்ள உலோகங்களைப் பிடித்து வெளியேற்றும் மருந்தை நரம்பில் ஏற்றுவது. படிவு சுவருக்குள் இருக்கிறது, ஓதம் ஏறின சுவர் மாதிரி, மேலே கழுவினால் போகாது. சர்க்கரையோடு ஏற்கெனவே மாரடைப்பும் வந்த சுமார் 1,000 பேருக்கு 40 டிரிப் வரை ஏற்றிப் பார்த்த டாக்ட்-2 ஆய்வு 2024இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதுவும் குறையவில்லை. இன்னும் விற்கிறார்கள், ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷனும் இருக்கலாம். உங்கள் 'தெரிந்தவர்' எந்த வகை என்று ஒருமுறை விசாரியுங்கள்.

அப்புறம் அந்த 'நார்மல்'. லேப் அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சடிக்கிறது, நட்சத்திரக்குறி விழாவிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படிவு இருப்பவருக்கு 70க்குக் கீழே கொண்டுவரத்தான் பார்ப்போம். மாத்திரை தொடரட்டும், சிகரெட் நாலைந்து இல்லை, ஒன்றுகூட வேண்டாம், ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள்.

அடைப்பு எத்தனை சதவீதம் என்று ஸ்கேனில் போட்டிருப்பார்கள், எனக்கு அதை எழுதவில்லை. 50க்கு மேல் இருந்தால், அல்லது ஒரு கை மரத்துப் பேச்சுக் குழறியிருந்தால், என் பதிலுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது.