1000 வாட் என்று எழுதியிருந்தால் நம்பலாமா? சைக்கிள் சவுண்ட் செட் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். என் சைக்கிளுக்கு ஒரு சவுண்ட் செட் செய்ய ஆசை. கடையில் 1000 வாட் என்று எழுதிய சின்ன அம்பிளிபயர் ஒன்றைக் காட்டினார்கள். 12 வோல்ட், 7 அம்பியர் பற்றரி ஒன்று இருந்தால் போதும் என்கிறார்கள். பாவித்த பற்றரியும் இருக்கிறதாம், பாதி விலைக்குத் தருவார்களாம். வாங்கலாமா? (கல்லடி, மட்டக்களப்பு)

பதில்: அந்த அம்பிளிபயரை வாங்க வேண்டாம், தம்பி. காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பற்றரியில் 7 அம்பியர் என்பது அம்பியர்-மணிக் கணக்கு. 12 வோல்ட்டை அந்த 7ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி. ஒரு மணி நேரத்துக்கு 84 வாட் கொடுத்தால் அந்தப் பற்றரி முடிந்துவிடும். உண்மையிலேயே 1000 வாட் இழுக்கிற அம்பிளிபயர் என்றால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் காலி. அதற்கு 80 அம்பியருக்கு மேல் கரண்ட் வேண்டும். அந்தப் பெட்டியோடு வருகிற மெல்லிய வயர் அதைத் தாங்காது, எரிந்துபோகும். அப்படி எதுவும் நடப்பதில்லை என்பதே அந்த 1000 பொய் என்பதற்குச் சாட்சி.

அப்போ உண்மையில் எத்தனை வாட் கிடைக்கும்? 12 வோல்ட்டில் நேரடியாக ஓடுகிற அம்பிளிபயர், 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 18 வாட்டுக்கு மேல் கரகரப்பில்லாமல் கொடுக்க முடியாது (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை). 8 ஓம் என்றால் 9 வாட். இது வோல்ட்டும் ஓமும் போடுகிற எல்லை, எந்தக் கம்பனியாலும் இதைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமென்றால் உள்ளே வோல்ட்டை உயர்த்தும் பகுதி இருக்க வேண்டும், கார்களுக்கான பெரிய அம்பிளிபயர்களில் அது உண்டு. உள்ளங்கை அளவு போர்டில் இருக்காது. ஆகவே கடையில் "எத்தனை வாட்?" என்று கேட்காதீர்கள். "எத்தனை வோல்ட்டில், எத்தனை ஓமுக்கு, எத்தனை வாட்?" என்று கேளுங்கள். மூன்றையும் சேர்த்துச் சொல்ல முடியாதவரிடம் வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டு பக்கமும் சேர்த்து 30 வாட் சைக்கிளுக்குத் தாராளம். 'கிளாஸ் டி' வகைப் போர்டாகக் கேட்டு வாங்குங்கள். டி.பி.ஏ. 3116 என்ற சிப் போட்டவை பரவலாகக் கிடைக்கின்றன, புளூடூத்தோடும் வருகின்றன. இந்த வகை, பற்றரியிலிருந்து எடுப்பதில் பத்தில் ஒன்பது பங்கு வரை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும். பழைய வகைகள் பாதியைச் சூடாக வீணாக்கும். வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற செட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. சைக்கிளில் வீணாகிற ஒவ்வொரு வாட்டும் நீங்கள் மிதித்துச் சுமக்கிற பாரம்.

பற்றரிதான் இதில் முக்கியம். காசின் பெரும் பங்கை அதற்கு வையுங்கள். 7 அம்பியர் ஈயப் பற்றரி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதை முழுவதும் இறக்கி இறக்கி ஏற்றினால் சீக்கிரம் செத்துவிடும், பாதியோடு நிறுத்த வேண்டும். அப்படிப் பார்த்தால் கையில் இருப்பது 42 வாட்-மணிதான். பாட்டு எந்த நேரமும் முழு வாட்டில் ஓடாது. நல்ல சத்தமாக வைத்தாலும் சராசரியாக ஐந்து, ஆறு வாட் போகும். ஆகவே ஏழு மணி நேரம் கேட்கலாம். அதே இடத்தில் 12.8 வோல்ட், 6 அம்பியர் 'லித்தியம் இரும்பு பொஸ்பேட்' பற்றரி போட்டால் எடை ஒரு கிலோவுக்குள் அடங்கும், ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காமல் பாவிக்கலாம், பத்து மணி நேரம் போகும். ஆயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். உள்ளே பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் போர்ட் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். பற்றரியின் வோல்ட் மிகவும் இறங்கும்போது தானாக நிறுத்துவது அதுதான். ஈயப் பற்றரிக்கு அது கிடையாது. அம்பிளிபயரோ 5 வோல்ட் வரைகூட உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பாட்டு நிற்கிறபோது பற்றரியும் கெட்டிருக்கும். ஈயம்தான் கட்டுப்படியாகும் என்றால் சின்ன வோல்ட் மீற்றர் ஒன்றைச் சேர்த்துப் பூட்டி, 12க்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

பாவித்த பற்றரி பெரும்பாலும் யு.பி.எஸ்.ஸில் இருந்து கழற்றியது. மீற்றரில் 12.7 காட்டுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மோட்டார் சைக்கிள் சிக்னல் பல்ப், 21 வாட், ஒன்றைக் கொண்டுபோங்கள். அதைப் பற்றரியில் கொளுவி, பதினைந்து நிமிடம் எரியவிட்டு மீற்றரைப் பாருங்கள். 12க்கு மேலே நின்றால் யோசிக்கலாம். முதல் நிமிடங்களிலேயே 11க்குச் சரிந்தால் பாதி விலைக்கும் அது வேண்டாம். பல்பைக் கொளுவ விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

சார்ஜரில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 12 வோல்ட் அடப்டரால் 12 வோல்ட் பற்றரியை நிரப்ப முடியாது. ஈயத்துக்கு 14.4 வோல்ட், இரும்பு பொஸ்பேட்டுக்கு 14.6, மூன்று செல் தொடுத்த சாதாரண லித்தியத்துக்கு 12.6. ஒன்றின் சார்ஜரை மற்றதற்குப் போடுவது ஆபத்து. பற்றரியையும் சார்ஜரையும் ஒரே கடையில், ஒரே பற்றுச்சீட்டில் வாங்குங்கள்.

ஸ்பீக்கருக்கு நான்கு அங்குலக் கார் ஸ்பீக்கர் இரண்டு போதும். கடதாசிக் கூம்பு வேண்டாம், பிளாஸ்டிக் கூம்பு பாருங்கள், மாரி மழையில் கடதாசி ஊறிவிடும். பெட்டியாக 110 மில்லிமீற்றர் பி.வி.சி. பைப்பை எடுத்தால் தச்சு வேலையும் இல்லை, தண்ணீரும் பிடிக்காது. இரு முனையிலும் ஸ்பீக்கர் வைத்துக் காற்றுப் போகாமல் அடையுங்கள். பின்பக்கம் திறந்து கிடந்தால் கீழ்ச் சத்தம் வரவே வராது. ஸ்பீக்கரைக் கையோடு கொண்டுபோய்ப் பைப்பில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், சட்டத்தின் அளவு ஒவ்வொன்றுக்கும் வித்தியாசப்படும். கரியரில் கட்டும்போது பழைய டியூப் வாரை இடையில் கொடுத்தால் அதிர்வு குறையும்.

இன்னும் இரண்டு சின்னச் சாமான்கள். பற்றரியின் சிவப்பு வயரில், பற்றரியை ஒட்டியே, 5 அம்பியர் பியூஸ் ஒன்று. மூட்டுகளுக்குச் சூட்டில் சுருங்கும் ரப்பர் உறை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கிற ஊரில் முறுக்கி டேப் சுற்றிய மூட்டைச் சில மாதம் கழித்துப் பிரித்துப் பாருங்கள், செம்பு பச்சையாகப் பூத்து, தொட்டால் மாவாக உதிரும். சத்தம் விட்டு விட்டு வருவதற்கு அநேகமாக அதுதான் காரணம், அம்பிளிபயரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூட்டை ஈயம் வைத்துப் பற்றவைத்து உறை போடுங்கள்.

கச்சான் காற்று வீசுகிற நாட்களில் சைக்கிளை வெயிலில் விடாதீர்கள். லித்தியத்தை 45 பாகைக்கு மேல் சூட்டில் சார்ஜ் பண்ணக் கூடாது, ஆறவிட்டுத்தான் கொளுவ வேண்டும். அப்புறம், கல்முனை வீதியில் ஓடும்போது பின்னால் வருகிற பஸ்ஸின் ஹோர்ன் உங்கள் காதில் விழுகிற அளவுக்கே சத்தம் இருக்கட்டும். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன், தம்பி.

கேள்வி: வாப்பா சைக்கிளில் மீன் விற்கிறார். கூவிக் கூவிக் குரல் கட்டிவிட்டது. பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று பூட்டிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். எது நல்லது? (நிந்தவூர், அம்பாறை மாவட்டம்)

பதில்: பெட்டி வேண்டாம் மகள், புனல் மாதிரி வாயுள்ள ஹோர்ன் ஸ்பீக்கர் வாங்குங்கள். பேச்சுக்குக் கீழ்ச் சத்தம் தேவையில்லை. சாதாரண நான்கு அங்குல ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு, ஒரு மீற்றர் தள்ளி, ஏறக்குறைய 87 டெசிபெல் (சத்தத்தை அளக்கிற அலகு) கொடுக்கும். ஹோர்ன் 105 வரை கொடுக்கும். அந்த 18 டெசிபெல்லைச் சாதாரண ஸ்பீக்கரில் எடுக்க அறுபது மடங்கு வாட் வேண்டும். ஆகவே சின்ன ஹோர்ன், சின்னப் பற்றரி, வாப்பாவுக்குப் பாரமும் குறைவு. குரலைப் பதிந்து திரும்பத் திரும்பச் சொல்லும் கை மெகாபோன்களும் உண்டு. செய்து பூட்ட ஆள் இல்லையென்றால் அதையே ஹாண்டிலில் கட்டலாம். பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக எடுங்கள், உள்ளே மூடி ஒட்டியது பழுதானால் முழுவதையும் வீச வேண்டிவரும்.

பற்றரியை மீன் பெட்டிக்குக் கீழே வைக்கவே கூடாது. ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் நேரே அதன் மேல்தான் விழும். முன்பார் பக்கம், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஹோர்னின் வாயைக் கொஞ்சம் கீழே சரித்தால் மழைத் தண்ணீர் தேங்காது.

வாப்பாவின் காதையும் பாருங்கள். 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலிடங்களுக்கான பொதுவான எல்லை. மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும், 91 என்றால் இரண்டே மணி நேரம். ஆகவே ஹோர்ன் பின்பக்கம் பார்க்கட்டும், அவர் தலையை விட்டுத் தள்ளி இருக்கட்டும். ஐந்து செக்கன் கூவல், இருபது செக்கன் அமைதி என்று பதியுங்கள். பற்றரியும் மிஞ்சும், வீதியில் உள்ளவர்களும் வாழ்த்துவார்கள். பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி வந்தால் நிறுத்திவிட வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டது. விடியற்காலையில் மீன் எடுத்துக்கொண்டு வருகிறவர் என்றால் அதை ஞாபகப்படுத்துங்கள். பொது இடத்தில் ஒலிபெருக்கி பாவிக்கப் பொலிஸ் அனுமதி கேட்பார்கள், முன்கூட்டியே பொலிஸ் நிலையத்தில் பேசிவிடுவது நிம்மதி.

கேள்வி: இணையத்தில் 9900 மில்லி அம்பியர்-மணி என்று எழுதிய 18650 அளவு லித்தியம் செல் ஆறு வாங்கினேன். அரை மணி நேரம் பாட்டு ஓடவில்லை. காசைத் திருப்பிக் கேட்கலாமா? (ஏறாவூர்)

பதில்: கேட்க வேண்டும். அந்த அளவுச் செல்லில் நல்லவையே 2500 முதல் 3500 வரைதான் பிடிக்கும். 9900 என்று எழுதியிருந்தாலே போலி. தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். 30 கிராம் என்றால் உள்ளே வெறும் தூளோ சின்னச் செல்லோதான். பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், தராசில் செல்லை வைத்து எடுத்த படம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். விற்றவர் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தை அழைத்து, முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், நாளைக் கடத்தாதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரியின் கடமை.

முறைப்பாடு முடியும்வரை அந்தச் செல்களைச் சார்ஜில் போடாதீர்கள். முடிந்த பிறகும் வளவில் குப்பையோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள், வெடிக்கும். முனைகளில் டேப் ஒட்டித் தனியாக எடுத்துவைத்து, பழைய மின்சாதனங்கள் சேகரிக்கிற இடத்தில் கொடுங்கள்.