தாய்சேய் நலக் கணக்கு: கேட்டீர்கள், சொல்கிறேன்

கொழும்பில் தாய்சேய் நலப் பதிவுகளோடு வேலை செய்கிறவள் நான். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளவத்தைத் தங்கச்சி: தனியார் ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறேன் அக்கா, பிறகு எதற்குக் கர்ப்பத்தை எங்கள் பகுதி அரசாங்க மிட்வைஃபிடம் பதிய வேண்டும்?

பதியுங்கள் தங்கச்சி, 8 வாரத்துக்கு முதலே பதிந்தால் இன்னும் நல்லது. அவர் எழுதுவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், அங்கிருந்து நாடு முழுவதற்கும் தாய்சேய் கணக்கைச் சேர்க்கும் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்குப் போகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்ததே, அது சும்மா கிடைக்கவில்லை, எத்தனை கர்ப்பிணிகளுக்கு இரத்தப் பரிசோதனை நடந்தது என்று எண்ணிக் காட்டித்தான் கிடைத்தது.

கொட்டாஞ்சேனைத் தம்பி: தாய் இறப்பு விகிதம் 30 என்றால் 30 பேரா?

இல்லை. உயிரோடு பிறக்கும் ஒரு இலட்சம் பிள்ளைகளுக்கு எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்பதுதான் அது. கர்ப்ப காலத்திலும் அது முடிந்து 42 நாட்களுக்குள்ளும், கர்ப்பத்தோடு தொடர்புள்ள காரணங்களால் நடந்த இறப்புகள் மட்டும் சேரும், வீதி விபத்து சேராது. 3 இலட்சம் பிறப்புக்கு 90 தாய்மார் இறந்தால் விகிதம் 30. அதே 90 பேர், பிறப்பு இரண்டரை இலட்சமாகக் குறைந்த ஆண்டில் இறந்தால் 36. இங்கே 2019க்குப் பிறகு பிறப்புகள் அந்தளவுக்குக் குறைந்துதான் இருக்கின்றன. அதனால் விகிதத்தைப் பார்க்கும்போது பக்கத்திலேயே எத்தனை பேர் என்பதையும் பாருங்கள் தம்பி.

தெஹிவளை, சொந்த ஊர் யாழ்ப்பாணம்: பழைய சர்வே அறிக்கைகளில் எங்கள் மாவட்டத்தையே காணவில்லையே?

நீங்கள் தேடியதில் பிழை இல்லை, அது அங்கே இல்லவே இல்லை. 1993ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார சர்வேயில் யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் விடுபட்டன, 2006-07இல் வடக்கு விடுபட்டது, 25 மாவட்டங்களும் சேர்ந்தது 2016இல்தான். என் தம்பி 1993இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தான். மருந்து வருமா, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி திறந்திருக்குமா என்று பயந்து பயந்து அம்மா அவனைப் பெற்றார். அந்த ஆண்டு இலங்கைச் சராசரி என்று அச்சிட்ட எண்ணில் அம்மாவைப் போன்ற ஒருத்தருக்கும் இடம் இல்லை. ஆகவே 1993ஐயும் 2016ஐயும் அருகருகே வைத்து ‘நாடு இவ்வளவு முன்னேறியது’ என்று கோடு கீறாதீர்கள், வடக்கையும் கிழக்கையும் தவிர்த்துவிட்டு 2016ஐத் திரும்பக் கணக்கிட்டால்தான் அந்த ஒப்பீடு நிற்கும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கருத்தடை பற்றிய கணக்கில் நான் இருக்கிறேனா?

இல்லை, மேலே சொன்ன குடித்தொகை சுகாதார சர்வே கேட்டது 15 முதல் 49 வயதுக்குள், ஒரு முறையாவது திருமணம் செய்த பெண்களிடம். கணக்கில் இல்லாததால் தேவையும் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்குப் பரிசோதனை வேண்டுமென்றால் கொழும்பு 10இல் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. இலவசம், உங்கள் விவரம் வெளியே போகாது. கூச்சப்படாமல் போங்கள்.

ஹட்டன் வீடு, பிரசவம் கொழும்பில்: பிள்ளை எந்த ஊர்க் கணக்கில்?

பிறப்புப் பதிவு பிறந்த இடத்தில்தான், அதனால் கொழும்பில். மிட்வைஃபின் கணக்கு நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்து, அதனால் ஹட்டனில். ஊருக்குப் போனதும் அவருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள், வீட்டுக்கு வந்து உங்களையும் பிள்ளையையும் பார்ப்பார்.