மூட்டை வைக்க இடமில்லாத பைக்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: யமஹா ஆர்15 வி4 வைத்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் வேலை, தாம்பரத்தில் ரூம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விழுப்புரம் பக்கம் ஊருக்குப் போவேன். லேப்டாப், இரண்டு செட் துணி, ரெயின்கோட் எல்லாம் முதுகுப் பையில்தான். திரும்பும்போது அம்மா கொடுக்கும் இட்லிப் பொடி, முறுக்கு டப்பா வேறு. செங்கல்பட்டு வருவதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. பின்னால் கேரியர் வெல்டு அடித்துத் தருகிறேன் என்கிறார் தெரிந்த பட்டறைக்காரர். செய்யலாமா?
(தாம்பரம் வாசகர்)

பதில்: வெல்டிங் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படிக்காமல் பட்டறைக்குப் போய்விடப் போகிறீர்கள். பின்சீட்டைத் தாங்கும் சப்ஃப்ரேம் ஒல்லியான குழாய். சூடு பட்ட இடம் பலவீனமாகும், ஆறு மாதம் நம் ரோட்டில் அதிர்ந்தால் வெல்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். பக்கத்தில் ஒயரிங் வேறு ஓடுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் கேரியர் வரும் இடம். உங்கள் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவிலுள்ள தூரம், 1,325 மி.மீ. தான், எடை 142 கிலோவுக்குள். பின் சக்கர அச்சுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டால் அது சீசா பலகையின் நுனியில் குழந்தை உட்கார்ந்த மாதிரி. பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரத்தில் பாரம் குறையும், ஜிஎஸ்டி ரோட்டில் வேகமாகப் போகும்போது ஹேண்டில் லேசாக ஆட ஆரம்பிக்கும். ரோடு சரியில்லை என்று நினைப்பீர்கள். ரோடு சரியாகத்தான் இருக்கும்.

முதுகுப் பையும் நல்லதல்ல என்பதை உங்கள் தோளே சொல்லிவிட்டது. நிமிர்ந்து உட்காரும் வண்டியில் பையின் அடிப்பகுதி சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். ஆர்15ல் குனிந்து ஓட்டுவதால் மொத்த எடையும் தோளில் இறங்கி அங்கிருந்து உள்ளங்கைக்குப் போகிறது. திடீரென்று பிரேக் பிடித்தால் பை முன்னால் சரிந்து ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் இடிக்கும், தலையை நிமிர்த்திப் பார்க்கவே முடியாது. விழுந்தால் லேப்டாப்பின் மேல் முதுகெலும்பு. அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? முதலில் குறையுங்கள். பின்சீட்டைச் சாவி போட்டுத் திறந்தால் ஒரு சின்னக் குழி இருக்கிறதே, அதில் பலர் ஆர்சி, இன்ஷூரன்ஸ், பழைய பில் என்று ஒரு பிளாஸ்டிக் கவரைத் திணித்து வைத்திருப்பார்கள். 2018லிருந்து டிஜிலாக்கர், எம்பரிவாஹன் என்ற அரசு ஆப்களில் இருக்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமம். காகிதத்தை வீட்டில் வையுங்கள். அந்த இடத்தில் டூல் கிட்டோடு டியூப்லெஸ் பஞ்சர் கிட், ஒரு மெல்லிய கையுறை, மடித்த மழைப் பேன்ட் வரை வைக்கலாம். ஊரில் சொந்த வீடு இருக்கிறது, அங்கே ஒரு சார்ஜரும் இரண்டு செட் துணியும் நிரந்தரமாக விட்டுவிடுங்கள். எந்த பேக்கும் இந்த அளவுக்கு இடம் மிச்சம் பிடித்துத் தராது.

மிஞ்சியதற்கு டெயில் பேக், அதாவது பின்சீட்டின் மேல் கட்டும் பை. 15லிருந்து 25 லிட்டர் போதும். ரைனாக்ஸ், வயாடெரா மாதிரி நம் நாட்டுக் கம்பெனிகளே செய்கின்றன, கடையில் உங்கள் வண்டியின் மேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஏழெட்டுக் கிலோவுக்கு மேல் போகாதீர்கள் என்பது என் கணக்கு.

கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கொக்கி மாட்ட இடமே இல்லையே சார்' என்று எழுதாத வாசகர் இல்லை. இருக்கிறது, சீட்டுக்கு அடியில். பின்சீட்டைக் கழற்றி, பேக்கோடு வரும் நாடா வளையங்களைச் சப்ஃப்ரேம் குழாயைச் சுற்றிக் கோர்த்து, முனைகள் இரண்டு பக்கமும் வெளியே தெரியும்படி விட்டுச் சீட்டை மேலே பூட்டிவிட்டால் நான்கு உறுதியான பிடிகள் கிடைத்துவிடும். நாடா பூட்டின் வாயில் சிக்காமல் பாருங்கள், சிக்கினால் சீட் மறுபடி திறக்காது. பேக்கை முடிந்த அளவு முன்னால் தள்ளி, உங்கள் இடுப்பை ஒட்டி வையுங்கள். கட்டியபின் பேக்கைப் பிடித்து உலுக்கினால் பைக் சேர்ந்து ஆட வேண்டும். பேக் மட்டும் ஆடினால் மறுபடி கட்டுங்கள்.

இரும்புக் கொக்கி போட்ட ரப்பர் கயிறு வேண்டவே வேண்டாம். இழுத்து மாட்டும்போது நழுவினால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். பக்கிள் வைத்த நாடா வாங்குங்கள், மிச்ச நுனியைச் சுருட்டி முடிச்சுப் போடுங்கள். ஒருமுறை திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் அவசரமாகக் கட்டிவிட்டுக் கிளம்பினேன், ஒரு முழ நாடா காற்றில் பறந்து சைலன்சரில் ஒட்டி உருகிவிட்டது. நாற்றம் வந்ததால் பிழைத்தேன். அதுவே செயின் பக்கம் பறந்திருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும். தப்பு முழுக்க என்னுடையது.

அப்புறம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த ரூட்டில் ஓட்டுகிறவருக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் பேக்கோடு தரும் மஞ்சள் மழை உறையை நம்பாதீர்கள். 80ல் போகும்போது காற்று புகுந்து குடை மாதிரி விரியும், பிறகு பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் போய் ஒட்டும். பேக்குக்கு உள்ளே தடிமனான பிளாஸ்டிக் பை போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டி, அதற்குள் சாமானை வையுங்கள். லேப்டாப் நடுவில், கீழேயும் மேலேயும் துணி. முறுக்கு டப்பா எல்லாவற்றுக்கும் மேலே. அடியில் வைத்தால் ஊரில் ஏற்றியது முறுக்கு, தாம்பரத்தில் இறங்குவது இட்லிப் பொடிக்குத் தம்பி.

டயர் காற்றைச் சுமைக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும், அளவு வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். முதல் பத்துக் கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி நாடாவைத் தொட்டுப் பாருங்கள், கண்டிப்பாகக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

கேள்வி: என்னிடம் கேடிஎம் ஆர்சி 390. காந்தம் வைத்த டேங்க் பேக் வாங்கினேன். யு டர்ன் எடுக்கும்போதெல்லாம் ஹாரன் தானாக அடிக்கிறது. பேக்கில் கோளாறா?
(ஓசூர் வாசகர்)

பதில்: பேக்கில் கோளாறில்லை, அளவில் கோளாறு. உங்கள் வண்டியில் இருப்பது கிளிப்-ஆன் ஹேண்டில், டேங்க் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். முழுக்க ஒடித்தால் சுவிட்ச் பெட்டி பேக்கில் போய் இடிக்கிறது. இடது பக்கம் இடித்தால் ஹாரன், வலது பக்கம் இடித்தால் கில் சுவிட்ச். இதுவரை ஹாரனோடு போனது உங்கள் அதிர்ஷ்டம். நடு ரோட்டில் யு டர்னில் இன்ஜின் அணைந்தால் வண்டியோடு சாய வேண்டியதுதான்.

ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஐந்தாறு லிட்டருக்கு மேல் டேங்க் பேக் ஒத்துவராது. வாங்கும் முன்பு பேக்கை நிரப்பி, டேங்கில் வைத்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். அப்படியே குனிந்து மீட்டர் தெரிகிறதா என்றும். காலியான பேக்கை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

மற்றவர்களுக்கும் ஒன்று: எல்லா வண்டியிலும் காந்தம் ஒட்டாது. சில மாடல்களில் டேங்க் மாதிரி தெரிவது பிளாஸ்டிக் மூடி. ஃபிரிட்ஜில் ஒட்டும் ஒரு பொம்மையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது. பேக்கை வைக்கும் முன்பு டேங்கை ஈரத்துணியால் துடையுங்கள், நடுவில் மாட்டிய தூசி பெயின்ட்டை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். போனைக் காந்தத்துக்கு மேலே வைத்தால் மேப்பில் திசைகாட்டி குழம்பும்.

கேள்வி: நிஞ்ஜா 300 ஓட்டுகிறேன். தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போக ஆசை. அவள் உட்கார்ந்துவிட்டால் பேக் எங்கே வைப்பது?
(மதுரை வாசகி)

பதில்: பின்சீட்டில் தங்கை, ஆகவே டெயில் பேக் கிடையாது. டேங்கில் ஒரு சின்ன பேக், இரண்டு பக்கமும் மென்மையான சேடில் பேக், அவ்வளவுதான். சேடில் பேக்கில் கவனிக்க வேண்டியது வலது பக்கம். சைலன்சர் அங்கேதான். துணிக்கும் சைலன்சருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும். காலியாக நிற்கும்போது இருக்கும் இடைவெளி போதாது, இரண்டு பேரும் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கிய பிறகு மூன்றாவது ஆள் ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். டயரில் உரசுகிறதா, இண்டிகேட்டரை மறைக்கிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும். தங்கையின் கால் ஃபுட்ரெஸ்ட்டில் வசதியாக இருக்கிறதா என்று அவளையே கேளுங்கள், வத்தலக்குண்டில் கேட்டுப் பயனில்லை.

பின்பக்கப் பாரம் கூடுவதால் மோனோஷாக்கின் (பின்பக்க ஒற்றை ஷாக் அப்சார்பர்) ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, ஏற்றுங்கள். ஹெட்லைட் வானத்தைப் பார்க்காமல் இருப்பதற்கும் அதுதான் வழி. தங்கையின் முதுகில் ஒரு பையை மாட்டிவிடும் யோசனை வரும், வேண்டாம். மலை ஏற்றத்தில் அந்தப் பை அவளைப் பின்னால் இழுக்கும், அவள் உங்களை இழுப்பாள்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் பைக் பின்சீட்டில் டெலிவரிக்காரர்கள் மாதிரி பெட்டி வைத்தால் போலீஸ் பிடிப்பார்களா?
(சேலம் வாசகர்)

பதில்: 2020ல் மத்திய மோட்டார் வாகன விதியில் செய்த திருத்தப்படி எடை குறைந்த பெட்டி வைக்கலாம். நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ. தாண்டக்கூடாது. பெட்டி பின்சீட்டில் இருந்தால் ஓட்டுபவர் மட்டும்தான், இன்னொருவரை ஏற்றக்கூடாது. நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக்கூடாது. விதி அனுமதிக்கிற அளவு ஒன்று, உங்கள் வண்டியின் வால் தாங்குகிற அளவு இன்னொன்று. ஸ்போர்ட்ஸ் பைக்கில் அந்த முழு அளவுப் பெட்டியை நான் வைக்கமாட்டேன்.

கேள்வி: இவ்வளவு கஷ்டத்துக்கு ஸ்கூட்டரே வாங்கியிருக்கலாமே என்கிறார் மனைவி. என்ன பதில் சொல்ல?
(திருச்சி வாசகர்)

பதில்: அவர் சொல்வதில் தப்பே இல்லை. டிவிஎஸ் ஜூபிடர் 125ல் சீட்டுக்கு அடியில் 33 லிட்டர் இடம், இரண்டு ஹெல்மெட் போகும். உங்கள் வண்டியில் ஒரு ஹெல்மெட் வைக்க வேண்டுமென்றால் தலையில்தான் வைக்க வேண்டும்.

ஆனால் ஸ்போர்ட்ஸ் பைக்கில் இடம் வைக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 1990ல் சுசுகி, அக்ராஸ் என்று ஒரு 250சிசி நாலு சிலிண்டர் வண்டி கொண்டுவந்தது. வண்டியைச் சுற்றி மூடும் முழு ஃபேரிங், பார்க்க அசல் ஸ்போர்ட்ஸ் பைக். டேங்க் மாதிரி தெரியும் இடத்தைத் திறந்தால் உள்ளே ஹெல்மெட் வைக்கும் அறை, பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். மனைவியிடம் அதன் படத்தைக் காட்டுங்கள். 'அப்போ அதை ஏன் வாங்கவில்லை' என்று கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.