தேயிலைத் தோட்டத்தில் திணறும் இரட்டைக் கேமரா

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காக இரண்டு வெப்கேமராக்களை 10 செ.மீ. இடைவெளியில் ஒரு பலகையில் பொருத்தி, எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் படமெடுத்தேன். செடிகள் இருக்கும் தூரத்தைக் கணக்கிட வேண்டும். படத்தில் தனித்துத் தெரியும் புள்ளிகளைக் கண்டெடுத்து ஒப்பிடும் ‘சிஃப்ட்’ (SIFT) முறையில் இரு படங்களின் புள்ளிகளையும் பொருத்தினால், ஒரு செடிக்கும் நாலு செடி தள்ளி இருப்பதற்கும் முடிச்சுப் போடுகிறது. வேறு மென்பொருளுக்கு மாறலாமா ஐயா?
- கோத்தகிரி வாசகர்

பதில்: மென்பொருள் பாவம் தம்பி, விட்டுவிடுங்கள். குன்னூரில் என் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருக்கும் தோட்டத்தில் எந்தச் செடி எதுவென்று எனக்கே அடையாளம் தெரியாது. சிஃப்ட், ஒவ்வொரு புள்ளியின் சுற்றுப்புறத்தையும் 128 எண்களாகச் சுருக்குகிறது. கொழுந்துக்குக் கொழுந்து அந்த எண்கள் பெரிதாக மாறாது. அதை உருவாக்கிய டேவிட் லோ, 2004 கட்டுரையில் ஒரு வடிகட்டியும் சொன்னார்: முதல் (மிக நெருங்கிய) பொருத்தத்தின் வித்தியாசம், இரண்டாவதன் வித்தியாசத்தில் 0.8 பங்கைத் தாண்டினால் தள்ளிவிடு. கடைவீதிப் படத்தில் அருமையாக வேலை செய்யும். தோட்டத்தில் முதலும் இரண்டாவதும் எப்போதும் ஒட்டியே வரும். சரியான ஜோடியும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

ஆகவே படம் முழுக்கத் தேட விடாதீர்கள். சதுரங்கக் கட்டப் படத்தைக் காட்டி இரு கேமராவையும் அளவீடு செய்து (லென்ஸின் தன்மையையும் கேமராக்கள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதையும் கணக்கிட்டு), இரு படத்தின் வரிசைகளும் ஒரே மட்டத்தில் வரும்படி நேராக்குங்கள். (வெறும் தாளில் அச்சடித்தால் நம் ஊர் ஈரத்துக்குச் சுருண்டுகொள்ளும்; கண்ணாடியில் ஒட்டுங்கள்.) அதன்பின் இடது படத்துப் புள்ளி வலது படத்தில் அதே வரிசையில்தான் இருக்கும். அந்த வரிசையிலும் எவ்வளவு தள்ளி என்பதற்கு வரம்பு உண்டு. லென்ஸின் குவியத் தூரம் (ஃபோகல் லெங்த்) பிக்சல் கணக்கில் 1000 என்றால், 2 மீட்டரில் உள்ளது இரு படத்துக்கும் இடையே 50 பிக்சல் நகரும். 5 மீட்டரில் 20. 50 மீட்டரில் வெறும் 2. மிக அருகில் இருக்கும் செடி 2 மீட்டர் என்றால், இடப்பக்கமாக 50 பிக்சலுக்குள் தேடினால் போதும். செடிக்குச் செடி 75 செ.மீ. என்று வைத்தால், 5 மீட்டரில் பக்கத்துச் செடி 150 பிக்சல் தள்ளி நிற்கும். தேடும் எல்லைக்குள்ளேயே வராது! 15 மீட்டருக்கு அப்பால்தான் பழைய குழப்பம் தலைகாட்டும்.

இன்னொன்று, இரண்டு வெப்கேமராவும் ஒரே நொடியில் படம் பிடிப்பதாக நம்பாதீர்கள். காற்றில் இலை ஆடினால் வரிசையும் பிசகும். சில்வர் ஓக் அடிமரத்தை வைத்துச் சோதியுங்கள்: பட்டையில் ஒரே வெடிப்பு இரு படத்திலும் ஒரு பிக்சலுக்குள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மிஸ்ட் இறங்கிவிட்டால் கேமராவை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம், புள்ளிகளே தேறாது.

எதிர் மலைச் சரிவையும் அளக்கும் ஆசை இருந்தால் இந்தப் பலகை உதவாது. 50 மீட்டரிலேயே ஒரு பிக்சல் பிசகினால் கணக்கு 33 மீட்டர் என்றோ 100 மீட்டர் என்றோ வரும். அதற்குக் கேமராக்களை ஒரு மீட்டராவது தள்ளி வைத்து, அளவீட்டைப் புதிதாகச் செய்யுங்கள்.