சாவியின் கடைசித் திருப்புக்கு மட்டும் ஒரு பட்டன்

டர்பன், சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அம்மா ஓட்டுவது 2016 டொயோட்டா எட்டியோஸ், மேனுவல் கியர். விரல் மூட்டுகளில் வாதம் வந்த பிறகு சாவியைத் திருப்பக் கஷ்டப்படுகிறார். இணையத்தில் கீலெஸ் பட்டன் ஸ்டார்ட் கிட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி நானே மாட்டலாமா?"

பட்டன் மாட்டுங்கள். அந்தக் கிட்டை மட்டும் வாங்காதீர்கள்.

சாவி உங்கள் காரில் மூன்று வேலை செய்கிறது. ஸ்டியரிங் பூட்டைத் திறக்கிறது. சாவியின் தலைக்குள் சிப் இருந்தால், இது இந்த வண்டியின் சாவிதான் என்று இன்ஜின் கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. கடைசியாக, மின்சாரத்தைப் படிப்படியாகத் திறந்துவிடுகிறது. மலிவான கிட் மூன்றாவது வேலையை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. முதல் இரண்டும் அதற்குத் தடை என்பதால், அவற்றைச் செயலிழக்கச் செய்யச் சொல்கிறது. அம்மாவுக்கோ வலிப்பது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். ஸ்பிரிங்கை எதிர்த்துத் திருப்பி, இன்ஜின் பிடிக்கும்வரை விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடம் அது. அந்த ஒரு வேலையை பட்டனுக்குக் கொடுத்தால் போதும்.

எதையும் கழற்றுவதற்கு முன் சாவி ஏன் இறுகுகிறது என்று பாருங்கள். முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் முட்டி நின்றால், ஸ்டியரிங் பூட்டின் முள்மேல் பாரம் விழுந்து சாவி திரும்பாது. இடது கையால் ஸ்டியரிங்கை லேசாக அசைத்தபடி திருப்பினால் இளகிவிடும். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவி சுலபமாகத் திரும்புகிறதா? அப்படியானால் முதல் சாவியின் பற்கள் தேய்ந்துவிட்டன. பூட்டுக்குள் கிராஃபைட் பொடி கொஞ்சம் ஊதலாம், எண்ணெய் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துச் சில மாதங்களில் பசையாகிவிடும். சாவித் தலையில் அகலமான பிளாஸ்டிக் பிடி ஒன்றைப் பொருத்தினால் விரல் நுனிக்குப் பதில் உள்ளங்கையால் திருப்பலாம். சிலருக்கு இதுவே போதுமாகிவிடுகிறது.

கிட்டை ஏன் வேண்டாம் என்கிறேன்? ஸ்டியரிங் பூட்டிலிருந்து தொடங்குகிறேன், உயிருக்கு ஆபத்தானது அதுதான். சாவி இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் அந்த முள்ளை நிரந்தரமாக உள்ளே இழுத்துவைக்க வேண்டும். சிலர் வெட்டிய சாவியைப் பூட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். சிலர் பூட்டைக் கழற்றி முள்ளை அரைகுறையாக மடக்குகிறார்கள். அது ஓட்டத்தில் நழுவி வெளியே வந்தால் வளைவில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். முள்ளையே எடுத்துவிட்டால் திருடனுக்கு ஒரு தடை குறைந்தது.

அடுத்தது சிப். சாவித் தலையை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி ஸ்டார்ட் செய்து பாருங்கள். இன்ஜின் சுற்றியும் பற்றாவிட்டாலோ, பற்றிய ஓரிரு நொடியில் அணைந்தாலோ இம்மொபிலைசர் (சாவியின் சிப்பை அடையாளம் காணாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) இருக்கிறது என்று பொருள். கிட் விற்பவர்கள் தரும் தீர்வு, ஒரு சாவியை சிறு பெட்டிக்குள் வைத்து டாஷ்போர்டுக்குள் ஒளிப்பது. சாவி காருக்குள்ளேயே கிடந்தால், பிறகு வண்டியைக் காப்பது மலிவான கிட்டின் ரிமோட் மட்டும்தான். கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். ஒன்று காரோடு போயிருந்தால் என்ன காட்டுவீர்கள்?

நம் ஊருக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. ரிமோட் தூரம் போனதும் சில கிட்கள் இன்ஜினை அணைத்துவிடும். ரோபோட்டில் (போக்குவரத்து விளக்கில்) நிற்கும்போது யாராவது துப்பாக்கி காட்டி அம்மாவை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தால், ரிமோட் அம்மாவின் கைப்பையில் இருக்கும். சற்றுத் தள்ளி வண்டி நிற்கும், அவர்கள் அம்மாவிடம் திரும்பி வருவார்கள். வண்டி போய்விட வேண்டும், அம்மா நிற்க வேண்டும். பூட்டில் செருகிய சாவி இந்த விஷயத்தில் நல்லது.

மேனுவல் கியர் கார் என்பதையும் மறக்கக் கூடாது. பெரும்பாலான கிட்கள் பிரேக் பெடலை மட்டும் பார்க்கின்றன. முதல் கியரில் நிறுத்திய காரை கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னே உந்தும். ரிமோட்டில் தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்யும் வசதியை மேனுவல் காரில் எந்த நிலையிலும் இணைக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். வேண்டியவை: நல்ல 12 வோல்ட் 40 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) ஒன்று அதன் சாக்கெட்டோடு, அழுத்தினால் மட்டும் இணையும் பட்டன் ஒன்று, கிளட்ச் பெடலுக்கு ஒரு சுவிட்ச், 20 ஆம்பியரும் 3 ஆம்பியரும் ஃப்யூஸ் தாங்கிகளுடன், 1என்4007 டயோடு ஒன்று, 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் 3 மீட்டர், 0.75 சதுர மி.மீ. வயர் 4 மீட்டர். வயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி 3 நிமிடம் பொறுங்கள், ஏர்பேக் கெப்பாசிட்டர் வடிய வேண்டும். மஞ்சள் உறை போட்ட வயர்களும் மஞ்சள் கனெக்டரும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மல்டிமீட்டர் முனையைக்கூட வைக்காதீர்கள். ஸ்டியரிங் தண்டின் கீழ்மூடியைக் கழற்றினால் சாவி சுவிட்சின் பின்னால் தடித்த வயர்கள் தெரியும். வயரின் நிறத்தை இணையத்தில் பார்த்து நம்ப வேண்டாம், அளந்து அடையாளம் காணுங்கள். பேட்டரியை மறுபடி இணைத்து, ஒவ்வொரு வயரையும் பின்பக்கத்திலிருந்து தொட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வையுங்கள். சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டுவது நேரடி பேட்டரி வயர். ஆன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் விடாமல் காட்டுவது இக்னிஷன் வயர். ஆன் நிலையில் இருந்து ஸ்டார்ட்டில் மட்டும் செத்துப்போவது ரேடியோ, விசிறி போன்றவற்றுக்கானது, அது நமக்கு வேண்டாம். ஸ்டார்ட்டில் மட்டும் உயிர் பெறுவதுதான் நாம் தேடும் வயர்.

கண்டுபிடித்த பிறகு நெகட்டிவை மறுபடி கழற்றிவிட்டு இணையுங்கள். ரிலேயின் முனைகளில் எண்கள் பொறித்திருக்கும்: 30-ஆம் முனை நேரடி பேட்டரி வயருக்கு, 20 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக. அந்த ஃப்யூஸ் இணைப்பிலிருந்து 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. 87-ஆம் முனை ஸ்டார்ட் வயருக்கு. இக்னிஷன் வயரிலிருந்து 3 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து பட்டன், பட்டனிலிருந்து 86. கடைசியாக 85-இலிருந்து கிளட்ச் சுவிட்ச் வழியாக பாடிக்கு. டயோடை 85, 86 இரண்டுக்கும் குறுக்கே வையுங்கள், வெள்ளிக் கோடு 86 பக்கம். ரிலே விடும்போது எழும் மின்வீச்சை அது தின்றுவிடும், பட்டனின் தொடுமுனை கருகாது.

ஸ்டார்ட் வயரை வெட்டாதீர்கள், கிளை எடுங்கள். அப்போதுதான் பட்டன் கெட்டாலும் பழையபடி சாவியால் ஸ்டார்ட் செய்யலாம். சாவியும் சிப்பும் ஸ்டியரிங் பூட்டும் தொடப்படாமல் இருக்கும். சாவியை ஆன் வரை திருப்பாமல் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. இந்த ரிலே ஓய்வில் மின்சாரமே குடிப்பதில்லை. கீலெஸ் கிட் அப்படியல்ல: 25 மில்லியாம்பியர் குடித்தாலே நாளுக்கு 0.6 ஆம்பியர்-மணி. காரின் சொந்தக் கசிவு 20 மில்லியாம்பியர் சேர்ந்தால், மூன்று வாரம் நிறுத்திவைத்த காரில் 45 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி காலி.

கிளட்ச் சுவிட்ச் மாட்டுமுன் ஒரு சோதனை. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, கிளட்சைத் தொடாமல் சாவியால் ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டால் காரிலேயே சுவிட்ச் இருக்கிறது. அது ஸ்டார்ட் வயர்ப் பாதையில் இருந்தால், சாவி சுவிட்ச் அருகிலேயே கிளை எடுப்பதால் பட்டனும் அதற்குக் கட்டுப்படும். பட்டனாலும் இதே சோதனையைச் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெடல் முழுவதும் கீழே போனால் மட்டும் இணையும்படி உங்கள் சுவிட்சைப் பொருத்துங்கள். பாதி மிதியில் இணைந்தால் பயன் இல்லை.

வயரைக் கவ்விக் கடிக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் இணைப்பிகள் டர்பனின் உப்புக் காற்றில் நிலைக்காது. உள்ளே பச்சை பூத்து, ஒரு கட்டத்தில் ஸ்டார்ட் ஆவதும் ஆகாததுமாக இருக்கும். வயர்களை உலோகக் குழலுக்குள் வைத்து நெருக்கி கிரிம்ப் அடித்து, உள்ளே பசை உள்ள வெப்பச் சுருக்குக் குழாய் போட்டு மூடுங்கள்.

ரிலே விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேட்டரி தளர்ந்து மின்னழுத்தம் சரியும்போது ரிலே படபடவென்று அடிக்கும், பொறி பறந்து தொடுமுனைகள் ஒட்டிப்போகும். ஒட்டினால் இன்ஜின் பற்றிய பிறகும் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் மோட்டார் எரிந்துபோகும், ஃப்ளைவீல் பற்களும் சேதமாகலாம். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி முனைகளில் அளந்து 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள், பட்டன் பிறகு.

பட்டனின் இடத்தை அம்மாவை உட்காரவைத்து முடிவு செய்யுங்கள். கட்டைவிரலின் அடிப்பகுதியால் அழுத்தும்படி, 22 மி.மீ.க்குக் குறையாத அகலத்தில், ஸ்டியரிங்கின் வலப்பக்கம் வைத்தால் பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு எட்டாது. பல கார்களில் இன்ஜின் ஓடும்போது சாவியை மறுபடி ஸ்டார்ட்டுக்குத் திருப்ப முடியாதபடி ஒரு தடை உண்டு. பட்டனுக்கு அது கிடையாது. கியர் மாற்ற கிளட்சை மிதித்திருக்கும்போது பட்டன் தவறி அமுங்கினால் பற்கள் அரைபடும். அதனால் சுற்றிலும் விளிம்பு உயர்ந்த பட்டனையே வாங்குங்கள். இன்னொன்று, பட்டனால் ஸ்டார்ட் செய்யும்போது விசிறியும் ரேடியோவும் தாமாக அணையாது. அவற்றை அணைத்துவிட்டு அழுத்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

அம்மாவால் சாவியை ஆன் வரைகூடத் திருப்ப முடியாத நிலை என்றால் முழு கீலெஸ்தான் வழி. அப்போது வாகனப் பாதுகாப்புச் சங்கமான வீசாவின் (VESA) சான்றிதழ் தரும் பொருத்துநரிடம் போங்கள். முள்ளை என்ன செய்வீர்கள், ஓட்டத்தில் ரிமோட் தொலைந்தால் இன்ஜின் அணையுமா, கிளட்ச் சுவிட்ச் போடுவீர்களா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். காருக்குள் வைக்க வேண்டிய சிப்புக்கு மூன்றாவது சாவி ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, முதல் இரண்டையும் வீட்டில் வையுங்கள். மாற்றத்தைக் காப்பீட்டாளருக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலைச் சேமித்துவையுங்கள்.

ரிலே பொருத்தி முடித்ததும் பத்து முறை தொடர்ந்து ஸ்டார்ட் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை நிமிடம் விட்டு. உடனே ரிலே சாக்கெட்டையும் ஃப்யூஸ் தாங்கியையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அந்த இணைப்பின் கிரிம்ப் தளர்வு, அன்றே மாற்றி அடியுங்கள்.